பழந்தின்னி வௌவாலின் வரவு செலவு

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இருபுறமும் வாழும் மக்களை இணைக்கும் வழிகள் சிலவே. வடக்கே, மலைத்தொடர் இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றின் வழியே கோயம்புத்தூர் மாவட்டமும் பாலக்காடு மாவட்டமும் சந்திக்கின்றன. தெற்கே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் தேனி மாவட்டத்தை இடுக்கி மாவட்டத்துடன் பிணைக்கின்றன. இவ்வழிகளில் நாள்தோறும் செல்லும் காய்கறி, ஏலக்காய், மிளகு, தேயிலை ஆகிய சரக்குகளுக்கு ரசீதும் கணக்கும் உண்டு. ரசீது ஏதுமின்றி எல்லையைக் கடக்கும் உயிரினம் ஒன்றும் இப்பகுதிகளில் உள்ளது. பகலில் ஆலமரத்திலும் புளியமரத்திலும் தலைகீழாகத் தொங்கி, இரவில் இரு மாநிலங்களின் காடுகளிலும் தோட்டங்களிலும் இரை தேடும் பெரிய பழந்தின்னி வௌவாலே அது.

இவ்வௌவாலைப் பற்றிய பொதுக்கருத்து நெடுங்காலமாக ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்காகவே இருந்து வந்துள்ளது. பழத்தை அழிக்கும் பிராணி என்பது அதன் செலவுப் பக்கம். 2018-ஆம் ஆண்டுக்குப் பின் நிபா நோயும் அப்பக்கத்தில் சேர்ந்தது. வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை எழுதப்படவே இல்லை. வௌவால் தங்கும் மரத்தை வெட்டுவதா, விட்டு வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை உள்ளாட்சி மன்றங்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் இப்போது அடிக்கடி ஏற்படுகிறது. அம்முடிவு சரியாக அமைய வேண்டுமானால், கணக்கின் இரு பக்கங்களும் தெரிந்திருப்பது இன்றியமையாதது.

உருவமும் இனமும்

வௌவால் பறவையன்று, அது பாலூட்டி. பாலூட்டிகளுள் சிறகடித்துப் பறக்க வல்லவை வௌவால்கள் மட்டுமே. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை, பூச்சிகளை உண்பவை, தாம் எழுப்பும் நுண்ணொலி எதிரொலித்துத் திரும்புவதைக் கொண்டு இருளில் வழி காண்பவை. ஆசிய, ஆப்பிரிக்க, ஆஸ்திரேலிய வெப்பமண்டலப் பகுதிகளில் வாழும் பழந்தின்னி வௌவால்கள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன.

நம் நாட்டில் காணப்படும் வௌவால்களுள் மிகப் பெரியது இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவால். இதன் அறிவியற் பெயர் டெரோப்பஸ் மீடியஸ் என்பதாகும். பழைய நூல்களில் டெரோப்பஸ் ஜைஜான்டியஸ் என்ற பெயரால் குறிக்கப்பட்டிருப்பதும் இதுவே. சங்க நூல்களில் வரும் ‘வாவல்’ என்னும் சொல்லுக்கு உறவாக, மலையாளத்தில் இது ‘கடவாவல்’ என வழங்கப்படுகிறது. பாகிஸ்தான் முதல் மியான்மர் வரையிலும், இலங்கையிலும், மாலத்தீவிலும் இவ்வினம் பரவியுள்ளது.

வளர்ந்த வௌவாலின் எடை 600 கிராம் முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரை இருக்கும். இறக்கைகளை விரித்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே 1.2 முதல் 1.5 மீட்டர் அளவாகும். கூரிய முகம், பெரிய கண்கள், செம்பழுப்பு மயிர் ஆகியவற்றால் தலை நரியின் தலையை ஒத்துக் காணப்படும். ஆங்கிலேயர் இதனைப் ‘பறக்கும் நரி’ என்று அழைத்ததற்குக் காரணம் இதுவே. இதற்கு வால் இல்லை. கட்டைவிரலில் மட்டுமின்றி இரண்டாம் விரலிலும் நகம் இருப்பது பழந்தின்னிகளின் அடையாளங்களுள் ஒன்று. எதிரொலியைக் கொண்டு வழி காணும் திறன் இதற்கு இல்லை. கண்ணையும் மூக்கையுமே நம்பி வாழ்கிறது. பழுத்த பழத்தின் மணமே இதற்கு வழிகாட்டி. பழுக்காத காயை இது பெரும்பாலும் நாடுவதில்லை. தோட்டச் சேதத்தைக் கணக்கிடுகையில் இவ்வுண்மை பெரிதும் பயன்படும்.

பகலும் இரவும்

பெரும் பழந்தின்னி வௌவால் குகைகளிலோ, பாழடைந்த மண்டபங்களிலோ வாழ்வதில்லை. திறந்த வெளியில் உயர்ந்த மரங்களிலேயே கூட்டமாகத் தங்குகிறது. ஆல், அரசு, புளி, மருது, இலவு, இலுப்பை ஆகியவை இதற்கு உகந்த மரங்கள். ஆறு, ஏரி, குளம் ஆகியவற்றின் அருகே நிற்கும் மரங்களையே அது பெரிதும் தேர்ந்தெடுக்கிறது. ஒரு தங்குமிடத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை வௌவால்கள் இருக்கலாம். இடையூறு இல்லையெனில் தலைமுறை தலைமுறையாக அதே மரங்களில் தங்கி வரும்.

நீர்நிலையை நாடுவதற்குக் காரணம் வெப்பம். கடும் வெயிலில் வௌவால் தன் இறக்கையை விசிறி போல் அசைக்கும். உடலையும் இறக்கையையும் எச்சிலால் நனைத்துக்கொள்ளும். வாயால் மூச்சு வாங்கும். காற்றின் வெப்பம் 42 டிகிரி செல்சியஸை எட்டினால் இம்முயற்சிகள் பயன் தருவதில்லை. 2014 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரே நாள் வெப்பத்தில், இதே பேரினத்தைச் சேர்ந்த 45,000-க்கும் மேற்பட்ட வௌவால்கள் மடிந்தன. பாலக்காடு கேரளத்திலேயே வெப்பம் மிகுந்த மாவட்டம். 2024 ஏப்ரலில் அங்கு வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. நிழல் தரும் பெருமரங்களும் நீர்நிலைகளும் குறையுமானால் சமவெளி வௌவால்கள் எத்தகைய நெருக்கடிக்கு உள்ளாகும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

கதிரவன் மறைந்து அரை மணி நேரத்திற்குள் வௌவால்கள் தங்குமிடத்தை விட்டுக் கிளம்புகின்றன. பருவத்திற்கேற்ப எந்தத் திசையில் எம்மரம் பழுத்துள்ளதோ, எம்மரம் பூத்துள்ளதோ அங்கே செல்கின்றன. ஓர் இரவில் பல கிலோமீட்டர் தொலைவு சென்று, விடியுமுன் திரும்புகின்றன. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் பழங்களே முதன்மை உணவு. மா, கொய்யா, நாவல், வாழை, சப்போட்டா, வேம்பு, புன்னை, முந்திரி ஆகியவற்றின் பழங்களும், இலுப்பை, இலவு ஆகியவற்றின் பூக்களில் ஊறும் தேனும் உணவாகின்றன.

உண்ணும் முறையும் கருதத்தக்கது. பழத்தைக் கடித்து, மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, சக்கையை உமிழ்ந்துவிடும். அத்திப் பழத்தில் உள்ளவை போன்ற சிறு விதைகள் சாற்றுடன் வயிற்றுக்குள் செல்லும். பெரிய கொட்டையுடைய பழத்தை வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்திற்குப் பறந்து, அங்கே சதையைத் தின்று கொட்டையைக் கீழே போடும்.

மெதுவாகப் பெருகும் இனம்

விவசாயிக்குத் தொல்லை தரும் உயிரினங்கள் என்றதும் எலியும் வௌவாலும் ஒருசேர நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் இவ்விரண்டின் பெருக்கத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. எலி ஆண்டில் பன்முறை, ஒவ்வொரு முறையும் பல குட்டிகள் ஈனும். பெரும் பழந்தின்னி வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனுகிறது. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஏறத்தாழ ஐந்து மாதம் கருவைச் சுமந்து, பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் குட்டி போடும். முதற் சில வாரங்கள் தாய் தன் மார்பில் குட்டியைச் சுமந்தவாறே பறக்கும். குட்டி பெரிதாகி இனப்பெருக்கத்திற்குத் தகுதி பெற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

பொருளாதார நோக்கில் கூறுவதாயின், இது வட்டி மிகக் குறைந்த முதல். எலிகளுள் பாதியைக் கொன்றாலும் சில மாதங்களில் அவ்விழப்பு ஈடாகிவிடும். வௌவால் கூட்டத்தில் பாதியைக் கொன்றால் அதனை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். அதிலும் குட்டி போடும் மாதங்களில் நிகழும் கொலை, தாயையும் சேயையும் ஒருங்கே அழிக்கிறது. இவ்வினம் உலக அளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெறவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு வட்டாரத்தின் கூட்டம் ஒருமுறை சிதைந்தால் அவ்வட்டாரம் அதன் பணியை நெடுங்காலம் இழந்துவிடும்.

வரவுப் பக்கம்

அப்பணி யாது? முதலாவது, விதை பரப்புதல். ஆல், அத்தி வகை மரங்களின் விதைகள் வௌவாலின் குடலைக் கடந்து, ஏறத்தாழ அரை மணி முதல் ஓரிரு மணி நேரத்தில் எச்சத்துடன் வெளியேறுகின்றன. பறந்துகொண்டிருக்கும்போதும் வௌவால் எச்சமிடுவதால் அவ்விதைகள் வெட்டவெளியிலும் விழுகின்றன. பகற்பறவைகள் பெரும்பாலும் மரத்தில் அமர்ந்திருக்கையில் எச்சமிடுவதால் அவை பரப்பும் விதைகள் மரத்தடியிலேயே மிகுதியாக விழும். காடு அழிந்த வெட்டவெளியில் மீண்டும் மரம் முளைக்க வௌவால் உதவுவது இவ்வாறே. ஆலும் அத்தியும் வேறு மரங்களில் பழமில்லாத மாதங்களிலும் பழுப்பவை. குரங்கு, இருவாச்சி, மலை அணில் முதலிய காட்டுயிர்கள் பலவற்றை அம்மாதங்களில் தாங்கி நிற்பவை. ஆகவே அத்தியை நடும் உயிர், மறைமுகமாக அவை அனைத்தையும் காக்கிறது.

இரண்டாவது, மகரந்தச் சேர்க்கை. இலவு, இலுப்பை முதலிய மரங்களின் பூக்கள் இரவில் தேன் சுரப்பவை. அத்தேனை நாடி மரத்திற்கு மரம் செல்லும் வௌவாலின் முகத்திலும் மார்பிலும் ஒட்டிய மகரந்தம் பல கிலோமீட்டர் கடந்து செல்கிறது. தேனீ செல்லும் தொலைவு இதனினும் குறைவு. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் காடுகளுக்கு இடையே மரங்களின் மரபுத் தொடர்பு அறுபடாமல் காப்பதில் இப்பறத்தலுக்குப் பெரும் பங்கு உண்டு.

1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய உலகின் வெப்பமண்டலத்தில் குறைந்தது 289 தாவர இனங்கள் ஏதேனும் ஒருவகையில் பழந்தின்னி வௌவால்களைச் சார்ந்துள்ளன என்றும், அத்தாவரங்களிலிருந்து மனிதன் பெறும் பொருள்கள் 448 என்றும் கணக்கிட்டது. மரம், பழம், நார், எண்ணெய், மருந்து, சாயம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இப்பொருள்களுக்குச் சந்தையில் விலை உண்டு; அவற்றை விளைவிக்க உதவிய வௌவாலுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத உழைப்பு கணக்கில் ஏறாமல் போவது பொருளாதாரத்தில் புதிதன்று.

சில இடங்களில் வரவு நேரடியாகவே கிடைக்கிறது. முந்திரிப் பழத்தின் சதையை உண்டு வௌவால் போட்ட கொட்டைகளையும், தோலைச் சுவைத்துவிட்டுப் போட்ட பாக்குகளையும் மரத்தடியில் பொறுக்கி எடுக்கும் வழக்கம் மேற்குக் கரையோரத்தில் உண்டு. நோயச்சம் நிலவும் காலத்தில் இவற்றை வெறுங்கையால் தொடாதிருத்தல் நலம்.

செலவுப் பக்கம்

தோட்டக்காரரின் குறையைப் பொய்யென்று ஒதுக்குவதும் முறையன்று. ஆனால் சேதம் எல்லாப் பயிருக்கும் ஒன்றுபோல் இல்லை. பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை, மாம்பழத்திற்குப் பெயர்பெற்ற ஊர். பருவத்திற்கு முன்னதாகவே காய்த்து, வட இந்தியச் சந்தைகளுக்குச் செல்வது அதன் சிறப்பு. தொலைதூரம் அனுப்பப்படும் மாங்காய், முற்றியதும் பழுக்குமுன் பறிக்கப்படுகிறது. வௌவால் நாடுவதோ பழுத்த பழத்தை. எனவே முறையாக அறுவடை செய்யப்படும் தோப்பில் வௌவாலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பறிக்கத் தவறியவையே.

எல்லைக்கு இப்பால், தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. அங்கு விளையும் பன்னீர் திராட்சை கொடியிலேயே பழுக்க வேண்டியது. பறித்த பின் பழுக்காது. ஆகவே பழந்தின்னி வௌவால்களால், அவற்றுள்ளும் சிறிய இனங்களால், அங்கு ஏற்படும் சேதம் மெய்யானது. கொய்யா, சப்போட்டா, வீட்டுத் தோட்டத்து வாழை ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். இதற்குரிய தீர்வு வலை. கொடிப் பந்தலின் மேலும் பக்கங்களிலும் இறுக்கமாகக் கட்டிய, கண் சிறுத்த வலை வௌவாலைத் தடுக்கும், அதைக் கொல்லாது. தளர்வான வலையில் வௌவால் சிக்கி இறப்பதோடு, அதை எடுக்கச் செல்பவர் கடிபடவும் நேரிடும். சிறு விவசாயிக்கு வலையின் முதற்செலவு சுமையாகும். நிழல்வலைக்கும் சொட்டு நீருக்கும் மானியம் வழங்கும் நாடு, இவ்வலைக்கும் உதவுவதைக் கருதலாம்.

சட்டத்தின் ஐம்பது ஆண்டுகள்

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், தீங்குயிர்கள் என்று ஐந்தாம் அட்டவணையில் சில உயிரினங்களைப் பட்டியலிட்டது. காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றுடன் பழந்தின்னி வௌவால்களும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைக் கொல்வதற்கு அனுமதி தேவையில்லை. இறைச்சிக்காகவும், ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையால் அதன் கொழுப்புக்காகவும் வௌவால் வேட்டை நடந்து வந்தது. அந்நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

அதே 1972-இல் நிகழ்ந்த மற்றொரு செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. இடுக்கியை ஒட்டியுள்ள மேகமலையில் 1948-இல் சேகரிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண இனம் என்ற சீட்டுடன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கால் நூற்றாண்டு இருந்தது. தாய்லாந்து நாட்டு விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதனை ஆராய்ந்து, அறிவியலுக்கே புதியதொரு பேரினம் என்று கண்டறிந்தார். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். உலகம் அறிந்துகொண்ட ஆண்டிலேயே, பழந்தின்னிகள் அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கிய சட்டத்தால், அதுவும் தீங்குயிராயிற்று. 1993-இல் அவ்வினம் உயிருடன் மீண்டும் காணப்பட்டது. பின்னர் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. இனம் பிரித்து அறியாமல் விதி செய்வதன் இடர்ப்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தீங்குயிர் அட்டவணையையே நீக்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அமைப்பில் பெரும் பழந்தின்னி வௌவால் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிர்ச் சேதத்தை முன்னிட்டு அதனைக் கொல்ல வேண்டுமானாலும், தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவரால் அதிகாரமளிக்கப்பட்ட அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி வழங்க வேண்டும். எனினும் சட்டம் காப்பது விலங்கை. அது தங்கும் சாலையோர ஆலமரத்தைக் காப்பது நெடுஞ்சாலை, வருவாய், உள்ளாட்சித் துறைகளின் கையில் உள்ளது. சாலை விரிவுக்காக மரங்களைக் கணக்கெடுக்கும்போது, வௌவால் தங்கும் மரம் எது என்ற பத்தி பட்டியலில் இருத்தல் வேண்டும்.

நிபா நோயும் எல்லையும்

நிபா என்பது ஒரு வைரசால் உண்டாகும் நோய். 1998-99-இல் மலேசியாவில் முதன்முதலாகத் தோன்றி, பன்றிகள் வழியே மக்களைத் தாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இந்தியாவில் 2001-இல் சிலிகுரியிலும், 2007-இல் நதியா மாவட்டத்திலும் காணப்பட்டது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவியபோது, அரசுக் கணக்கின்படி 17 பேர் உயிரிழந்தனர். 2019-இல் எர்ணாகுளத்திலும், 2021, 2023 ஆண்டுகளில் கோழிக்கோட்டிலும், 2024-இல் மலப்புரத்திலும் நோய் தோன்றியது. 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்திலும் நோய் உறுதி செய்யப்பட்டது.

இவ்வைரசின் இயற்கை இருப்பிடம் பெரும் பழந்தின்னி வௌவால் என்பதில் ஐயமில்லை. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 2018-இல் கேரள வௌவால்களில் வைரசைக் கண்டறிந்தது. பின்னர் நடந்த ஆய்வுகளில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்படப் பல பகுதிகளின் வௌவால்களில் அதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. வௌவாலை இவ்வைரஸ் நோயுறச் செய்வதில்லை. அதன் உடலில் எப்போதாவது பெருகி, எச்சில், சிறுநீர் ஆகியவற்றின் வழியே வெளிப்படுகிறது. கேரளத்தில் அது மனிதரை எவ்வழியாக முதலில் அடைந்தது என்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வழி தெளிவானது: நோயாளியின் நெருங்கிய தொடர்பு. 2018-இல் நோய் பெரும்பாலும் மருத்துவமனைகளில் பரவியது என்பதைத் திட்டமிடுவோர் மறத்தலாகாது.

ஒவ்வொரு முறையும் எல்லைச் சாலைகளில் பயணிகளின் உடல் வெப்பம் சோதிக்கப்படுகிறது. நோயாளியைக் கண்டறிய அது உதவும். அதே வேளையில், தங்குமிட மரங்களை வெட்ட வேண்டும், பட்டாசு கொளுத்தி வௌவாலை விரட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் எழுகிறது. அச்சம் இயல்பானது, அக்கோரிக்கை நோயைத் தடுக்குமா என்பதே கேள்வி.

விரட்டினால் விளைவது

இக்கேள்விக்கு வேறு நாடுகளின் அனுபவம் விடை தருகிறது. உகாண்டா நாட்டின் கிடாகா சுரங்கத்தில் 2007-இல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் நோய் கண்டது. அங்கிருந்த பழந்தின்னி வௌவால்கள் முழுவதுமாக ஒழிக்கப்பட்டன. 2012-இல் சுரங்கத்தில் மீண்டும் குடியேறிய வௌவால்களைச் சோதித்தபோது, முன்பு 5 விழுக்காட்டளவில் இருந்த தொற்று 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டே அவ்வட்டாரத்தில் நோய் மீண்டும் தோன்றியது. பழைய கூட்டத்தில் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தவை அழிந்து, தொற்றுக்கு இலக்காகும் இளம் வௌவால்கள் அவ்விடத்தை நிரப்பியதே காரணம் எனக் கருதப்படுகிறது.

ஆஸ்திரேலியாவில் நிபாவுக்கு நெருங்கிய ஹென்ட்ரா வைரஸ் பற்றி 2022-இல் வெளியான ஆய்வு 25 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தது. காடுகள் குறைந்து, குளிர்காலப் பூக்கள் பொய்த்த ஆண்டுகளில் வௌவால்கள் பண்ணைகளையும் ஊர்களையும் நாடின; அக்காலங்களில் நோய் குதிரைகளுக்குத் தாவியது. காட்டு மரங்கள் மிகுதியாகப் பூத்த குளிர்காலங்களில் வௌவால்கள் ஊரைவிட்டு அகன்றன, நோய் தாவவில்லை.

பழச் சேதத்தைக் குறைக்கவும் கொலை உதவுவதில்லை. மொரீஷியஸ் தீவில் லிச்சி, மாம்பழ விளைச்சலைக் காப்பதற்காக 2015 முதல் பல்லாயிரக்கணக்கான வௌவால்கள் அரசாணையால் கொல்லப்பட்டன. விளைச்சல் உயர்ந்தபாடில்லை, அவ்வினம் 2018-இல் அழிவுக்குள்ளாகும் இனமாக அறிவிக்கப்பட்டது.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. மரத்தை வெட்டினால் வௌவால் மறைந்துவிடாது. கலைந்து பல ஊர்களுக்குச் செல்லும். பட்டினியும் இடையூறும் அதன் உடல்நலனைக் கெடுக்கும். கலைப்பதனால் அபாயம் இடம் மாறுகிறது. சில வேளைகளில் பெருகவும் செய்கிறது.

செய்யத்தக்கவை

வௌவாலையும் மனிதனையும் பிரித்து வைக்க எளிய வழிகள் உள்ளன. வங்கதேசத்தில் ஈச்ச மரத்துப் பச்சைச் சாற்றை வௌவால் நக்கி மாசுபடுத்துவதே நோய் பரவக் காரணமாக இருந்தது. மரத்தின் வெட்டுவாயையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அணுகுவதில்லை என்று அங்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரம் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குத் தென்னங்கள் அனுப்பும் இடம். கள்ளின் வழியே நோய் பரவியதாக அங்கு நிறுவப்படவில்லை. எனினும் கலயத்திற்கு மூடி இடுவது சில ரூபாய்ச் செலவில் பெறும் காப்பீடு. கலால் துறையின் உரிம நிபந்தனைகளில் இதனைச் சேர்ப்பது கடினமன்று.

கடிபட்ட பழத்தை உண்ணாமை, மரத்தடியில் விழுந்த பழத்தைக் கால்நடைக்குப் போடாமை, பழங்களைக் கழுவி உண்ணுதல், கிணற்றுக்கு மூடியிடுதல், இறந்த வௌவாலை வெறுங்கையால் தொடாமை ஆகியவை பள்ளிகளில் கற்பிக்கப்பட வேண்டியவை. கிணற்றிலும் பாழ்மண்டபத்திலும் வாழ்பவை பெரும்பாலும் வேறு இனங்கள் என்பதையும் மாணவர் அறிதல் வேண்டும். 2018-இல் முதலில் ஐயத்திற்கு உள்ளான கிணற்று வௌவால்கள் பூச்சியுண்ணிகளே. அவற்றில் வைரஸ் காணப்படவில்லை.

கேரள அரசு கோழிக்கோட்டில் நிபா ஆய்வுக்கெனத் தனி மையம் அமைத்துள்ளது. மனிதர், கால்நடை, காட்டுயிர் ஆகியோரின் நலத்தை ஒன்றாகக் காணும் நோக்கில் அது செயற்படுகிறது. இந்நோக்கு எல்லையோடு நின்றுவிடலாகாது. ஒரே கூட்டம் பகலில் ஒரு மாநிலத்திலும் இரவில் மற்றொன்றிலும் இருக்கையில், தனித்தனிக் கணக்கெடுப்பு முழுமையாகாது. கோயம்புத்தூர்-பாலக்காடு, தேனி-இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் தங்குமிடங்களின் பொதுப் பதிவேடு ஒன்றைப் பேணலாம். மரத்தின் இடம், வௌவால்களின் தோராய எண்ணிக்கை, குட்டி போடும் மாதம், திடீர் இறப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் அதில் குறிக்கலாம். கல்லூரி மாணவர்களும் வனக்காவலர்களும் அந்தி வேளையில் சேர்ந்து செய்யத்தக்க பணி இது, பெருஞ்செலவு வேண்டாதது.

மக்கள் மரபு இதற்குத் துணை நிற்கிறது. மதுரை வட்டாரத்தின் புளியங்குளத்தில் முனி உறையும் ஆலமரம் என்று ஊரார் நம்பிய மரத்தில் வௌவால்கள் பாதுகாக்கப்பட்டு வந்ததை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் பதிவு செய்தனர். வௌவால்கள் அஞ்சி ஓடாதிருக்கத் தீபாவளியன்று பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கும் கிராமங்களும் தமிழ்நாட்டில் உண்டு. சட்டம் ஐம்பது ஆண்டுகள் தீங்குயிர் என்று கூறிய பிராணியை, அவ்வூர்கள் தம் வழக்கத்தால் காத்து நின்றன. சட்டம் இப்போது அவ்வூர்களின் பக்கம் வந்துள்ளது. துறைகள் தம் பதிவேடுகளில் வரவுப் பத்தியையும் திறந்து வைப்பதே எஞ்சியுள்ள பணி. அடுத்த முறை நோயச்சத்தால் ஓர் ஆலமரத்தின் மீது கோடரி ஓங்கப்படும் வேளையில், அம்மரத்தை வெட்டுவதால் மிஞ்சுவது என்ன, இழப்பது என்ன என்று இரு பத்திகளையும் பார்த்து முடிவு செய்யும் அலுவலரே மக்களின் நலத்தையும் காட்டின் நலத்தையும் ஒருங்கே காப்பவராவார்.